எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தால், எடுத்த எடுப்பிலேயே பிளக்கில் சொருகக் கூடாது, சார். முதன்முதலாகச் செய்கிறவர்கள் ஆசையில் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். பின்பலகையைக் கழற்றிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுவதுதான் முதல் வேலை. என் பெட்டிக்குள் ஒரு எலிக்கூடு இருந்தது. காசு விழும் டப்பாவில் யார் தலையிலிருந்தோ விழுந்த ஊதா ரிப்பன் ஒன்றும் கிடந்தது. எல்லாவற்றையும் அவசரப்படாமல் எடுத்து வெளியே வைத்தேன். நான் பொறுமைசாலி. கோபத்தில் ஒரு தட்டைக்கூட விசிறியடித்ததில்லை. ரகுபதி எப்படிப்பட்டவன் என்று பிள்ளைப்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நேற்று என் மனைவி லீலாவின் அடக்கம் முடிந்து திரும்பியபோது நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "வெவரம் தெரியாம கரண்டுல கைய வெச்சிட்ட. இன்னா பண்றது, மனச வுட்டுடாதப்பா" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். வாசலில் நின்றவர்களும் கத்துக்குட்டி வேலை, கத்துக்குட்டி வேலை என்றே பேசிக்கொண்டார்கள். எனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தான் என்று ஒயர்மேன் சுப்பிரமணியை வேறு இங்கே ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். இராத்திரி முழுக்க எனக்கு அது உறுத்தியது. சுப்பிரமணி மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததில் நான் தெரியாமல் செய்தது எதுவுமே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவன் நான். முன்னால் வரும் இரும்பில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கி அடுத்தவனுக்குத் தள்ளுவேன். கடைசியில் அது என்னவாக வெளியே போகிறது என்று எனக்குத் தெரியாது, யாரும் காட்டியதும் இல்லை. படப்பை காயலான்கடையில் இந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆசை விளையாட்டு ஆசை இல்லை. செத்துக் கிடக்கிற ஒரு பொருளை முதலிலிருந்து கடைசிவரை என் கையாலேயே பிழைக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மெட்ராஸ் பொருட்காட்சி ஒன்றில் ஓடிய பெட்டியாம். பக்கவாட்டில் வரைந்திருந்த ராக்கெட் பாதி உரிந்து போயிருந்தது.

நான் ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தொட்ட மாத்திரத்தில் என்னைச் சுவரோடு சேர்த்து அடித்தது. அன்றிலிருந்து கரண்டிடம் மரியாதையாக நடந்துகொண்டேன். போர்டின் ஓரத்தில் கறுத்திருந்த செம்புப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். உப்பிப்போன கண்டென்சர்களை எடுத்துவிட்டுப் புதியன வைத்து ஈயப் பற்றுப் போட்டேன். பற்று விட்டுப்போனால் மறுபடி வைத்தேன். அதற்கு நேரம் வேண்டும் அல்லவா? ஷிப்டுக்குப் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, பிறகு நின்றது.

லீலா தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்வந்தாள். வீட்டுச் சாப்பாடு அவள் சம்பளத்தில்தான். அதற்காக ஒரு நாளும் அவள் குத்திப் பேசியதில்லை. பெட்டியைத்தான் பேசினாள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, வீட்டில் ஒயரும் பேட்டரியுமாக உட்கார்ந்திருப்பவனை ஊரே சந்தேகமாகப் பார்த்த நேரம். ஒரு போலீஸ்காரர் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இது எங்க ஓடப் போவுது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பயந்து போயிருந்த லீலாவும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். எனக்கு அது வலித்தது.

கரண்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வரும் கரண்டு திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி இருக்கிறதே, நியூட்ரல், அதைக் கழற்றிவிட்டு, கொல்லையில் புதைத்திருக்கும் எர்த் பைப்பில் இணைத்துவிடுவார்கள். கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், மீட்டர் தூங்கும். கோடையில் மண் காய்ந்தால் பல்பு மங்கும். வீட்டுப் பெண்கள் மல்லிச் செடிக்கு ஊற்றுகிற மாதிரி எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுவார்கள், பல்பு பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பைப்பின் வாய் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடத்தைச் சாய்க்க வேண்டும். தினமும் வேலைக்குப் போகுமுன் லீலாதான் ஊற்றுவாள்.

பெட்டியில் படம் வர ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அவள் உள்ளே வந்து கையை உதறினாள்.

"யோவ், பைப்புல கை வெச்சா சுர்ருங்குது. தோள்பட்ட வரிக்கும் இழுக்குது. இன்னான்னு பாரு."

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. சுப்பிரமணியைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ரகு, பல்புக்குன்னா பரவால்லபா. இம்மாம் பெரிய பொட்டிய எர்த்துல ஓட்டுவியா? மண்ணு வேற காஞ்சிகினு கீது. ஈரக்கையோட தங்கச்சி அதப் புடிச்சா ஆளு காலி."

அவனே கம்பியைக் கழற்றி நியூட்ரலில் முறையாக மாட்டிக் கொடுத்தான். இப்போது உங்களிடம் சத்தியம் செய்துகொண்டிருக்கிறானே, அது உண்மை. நீங்கள் நம்பவில்லை, பாவம். அதற்குப் பிறகு பைப்பில் சுர்ரென்று ஒன்றும் இல்லை. படத்துக்குத் தண்ணீரும் தேவைப்படவில்லை. மேலேயிருந்து கற்கள் விழ, கீழே சின்ன ராக்கெட் நகர்ந்து நகர்ந்து சுட்டது. நான் முடித்துவிட்டேன், சார். போல்ட்டு போடுகிறவன் ஒரு முழுப் பொருளை முடித்துவிட்டேன்.

அன்று லீலா வேலையிலிருந்து வந்ததும் பார்க்கக் கூப்பிட்டேன். அவள் முகம் கழுவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாளும் கூப்பிட்டேன். "எனக்கு அதப் பாக்கவே வாணாம்" என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்து நிதானமாகவே பேசினாள்.

"நீ வேலைக்குப் போ. அந்தப் பொட்டிய எடுத்த எடத்துலியே போட்டுட்டு வா. நான் பாட்டுக்கு இங்கியே இருக்கேன். இல்லன்னா எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன், அப்புறம் வரமாட்டேன்."

அவள் கேட்டது நியாயம்தான் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதில் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஒரு பட்டன் சிக்கிக்கொண்டது, அதன் ஸ்பிரிங்கைக் கையில் வைத்திருந்தேன். விட்டால் எங்கேயாவது தெறித்துவிடும். நான் நிமிர்ந்தபோது அவள் விளக்கை அணைத்திருந்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் அவள் அண்ணன் முனிரத்தினம் வந்தார். என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, "டீக்கடையாண்ட நிக்கிறேம்மா, பஸ்ஸு வர்றதுக்குள்ள வந்துடு" என்று வெளியே போய்விட்டார்.

லீலா குளிக்கப் போனாள். நான் சுப்பிரமணி மாட்டிய கம்பியைக் கழற்றி மறுபடி எர்த் பைப்பில் இணைத்தேன். இப்போது எனக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். மண் பாளமாகக் காய்ந்திருந்ததால் படம் சுருங்கி மங்கலாக ஆடியது. எதிர்பார்த்தது அதுதான்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, செருப்பும் போட்டுவிட்டாள். நான் கூப்பிட்டேன்.

"லீலா, படம் சுருங்குது. ஒரே ஒரு கொடம் ஊத்திட்டுப் போ."

"அதான் சுப்பிரமணி அண்ணன் சரி பண்ணிட்டாரே, இன்னும் எதுக்குத் தண்ணி?"

"எதுக்கும் ஊத்து."

"போற நாளு வரிக்கும் உன் பொட்டிக்குத் தண்ணி காட்டணும் எனக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கிட்டத்தட்டச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, சார். இவளை எப்படி விட்டுக்கொடுப்பது என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்தாள். கொல்லைக்குச் செருப்போடு போகிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. அவளும் கதவருகே கழற்றி விட்டாள். சில்வர் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப ஷாக் அடிக்காதுல்ல?"

"அடிக்காது" என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அதனால்தான் நம்பினாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குடம் உருளும் சத்தமும் கேட்டது. வேறொரு சத்தமும் கேட்டது, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் சுவிட்ச் என் வலது கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. விரலை நீட்டினால் போதும். விரலை நீட்டாமல் இருந்ததும் கவனக்குறைவு இல்லை. தண்ணீர் இறங்க இறங்கப் படம் விரிந்தது. ஓரம் வரைக்கும் போய் நின்றது. கற்கள் விழ ஆரம்பித்தன. நான் ராக்கெட்டை நகர்த்தினேன். ஆட்டம் முடியும்வரை ஆடினேன்.

முனிரத்தினம் "லீலா, பஸ்ஸு வந்துடுச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போன பிறகுதான் நிறுத்தினேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே. கம்பியை மறுபடி மாற்றிவைக்கத் தோன்றவில்லை. மாற்றியிருந்தால் உங்களுக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. மாற்றாததால் கத்துக்குட்டி என்று புரிந்துகொண்டீர்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை.

சுப்பிரமணியை வீட்டுக்கு அனுப்புங்கள். அவன் வேலை சுத்தம். இதை நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். முனிரத்தினம் என்னை அடிக்க வந்தார். தங்கச்சியைப் பிடிக்காமல் கொன்றுவிட்டேன் என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? பிடிக்காதவன் போகட்டும் என்று விட்டிருப்பான். அவள் என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும், வேறு எதையும் நான் கேட்கவில்லை. கொல்லைக்குப் போகும்போதுகூடப் பெட்டி இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. அன்று காலையில் வந்த படம் மாதிரி அதற்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை, சார். அதை ஒரு தடவை பார்த்திருந்தால் லீலா என்னை விட்டுப் போயிருக்கவே மாட்டாள்.