கதவு வரை ஒரு இறக்கை

ஆடுகோடி ஸ்டாப்பில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு டீச்சர்களில் ஒருவர், பஸ் கிளம்பியதும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். நடுவில் நின்றிருந்தவர் ஒதுங்கிக்கொண்டார்.

“பருந்து ரெக்கைய விரிச்சா என் கை அளவுதான் மிஸ். கூழைக்கடாதான் நம்ம ஸ்கூல் சுவத்துல அடங்கல.”

“அது எவ்ளோ?”

“எட்டடி. சுவரு ஆறடிதான். அதுக்கப்புறம் ஹெச்எம் ரூம் கதவு.”

“கொஞ்சம் சின்னதா வரைஞ்சிடுங்களேன். பசங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“பசங்க அது முன்னாடி நின்னு, கைய நீட்டி அளந்து பாக்கறதுக்குத்தானே வரையறோம்? மைனா, கொக்கு, பருந்து எல்லாம் நிஜ அளவுல போட்டுட்டு, இதுல மட்டும் பொய் சொல்லணுமா?”

“அப்போ ரெக்கைய மடக்கிடுங்க.”

“மடக்கினா எதை அளக்கறது?”

“கதவுல வரைய ஹெச்எம் ஒத்துக்க மாட்டாங்க மிஸ்.”

“நேத்தே ஸ்கேல் வெச்சு கதவுல கோடு போட்டுட்டேன். அவங்க தெறந்தா ரெக்கை மடங்கும். சாத்தினா விரியும்.”

கைகளை அவர் இன்னும் இறக்கவில்லை.