குணமானவர்கள் சார்பில் ஒரு நன்றியுரை

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், அருள்திரு எபனேசர் டோபி அவர்களே! மடியிலே கைப்பையும், கைப்பையிலே ஓர் ஆணையும் கொண்டு வந்திருக்கும் மாவட்ட நலவாழ்வு அதிகாரி, மாண்புமிகு அம்மையார் ஐவா நிக்கல்சன் அவர்களே! டிரினிடாடிலிருந்து கடல் கடந்து வந்து, எங்கள் டொபேகோவின் திக்குவாயர்களைத் தேடித் தேடிப் பிடித்துத் தேற்றிய மூளை ஆராய்ச்சி மேதை, டாக்டர் அன்செல்ம் லாவெர்ன் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பிலிருந்து நண்டுக் கறியை இறக்கி வைத்துவிட்டு, அந்த மணத்தையும் கூடவே கூட்டி வந்திருக்கும் அன்னையர்களே! பின்னால் மதில்மேல் உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருக்கும் மீன்பிடித் தோழர்களே! உங்கள் அனைவருக்கும், லிட்டில் ஆங்கர் ஊர்ப் பேச்சுக்குழுவின் தளபதி, வலை வீசிப் பிழைக்கும் ஹோலிஸ் குவாஷியின் வ... வ... வ...

பொறுங்கள். வரும். வந்துகொண்டே இருக்கிறது.

வணக்கம்!

(கைதட்டல்)

ஐயோ, கைதட்டிக் கெடுத்துவிடாதீர்கள்! டாக்டர் முகத்தைப் பாருங்கள், எப்படிச் சுண்டிவிட்டது! நான் குணமானவன். முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் இப்போது நீங்கள் கேட்டது திக்கல் அல்ல. அறிவியல்படி அது நடக்கவே இல்லை. உங்கள் காதில்தான் ஏதோ கோளாறு.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். திக்குவாயனுக்கு ஐந்து நிமிடம்! ஐயா, அது என் பெயர் சொல்லவே சில நாட்களில் போதாது. ஆனாலும் மேடை ஏறினால் எனக்கு ஒரு துணிச்சல். கார்னிவல் திருவிழாக் காலத்தில் பேச்சுக்குழுத் தளபதியாய், தலையிலே கிரீடமும் கையிலே மர வாளுமாய் நின்று, பாட்டு முடிந்ததும் வில்லை இழுக்கப் பிடில்காரர் பக்கத்தில் நிற்க, எதிர்க்குழுக்காரனை எதுகை மோனையோடு ஏசும்போது எனக்கு ஓர் எழுத்துகூடத் தடுக்காது. மேடையை விட்டு இறங்கி, ரொட்டிக் கடையில் "ஒரு ரொட்டி" என்று கேட்கப் போனால் அந்த 'ரொ' அங்கேயே படுத்துவிடும். இது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அந்த ரொட்டிக்குக்கூடத் தெரியும். யாருக்குத் தெரியவில்லை என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

இன்றைய கூட்டம் எதற்காக? திக்கலை ஒழித்த வெற்றி விழாவுக்காக. டாக்டருடைய சிகிச்சையிலே எங்கள் ஊர்த் திக்குவாயர்கள் அத்தனை பேரும் குணம். நோய்தான் போய்விட்டதே, இனி பயிற்சி எதற்கு என்று, சுகாதார நிலையத்திலே மிஸ் யூலாலி வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு நடத்துகிற பேச்சு வகுப்பை மூடப்போகிறார்கள். அந்த ஆணைதான் அம்மையாரின் கைப்பையில் இருக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போடுவதற்கு முன்னால், குணமானவர்கள் சார்பில் யாராவது நன்றி சொல்ல வேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். பாவம், தெரியாமல் கூப்பிட்டுவிட்டார்கள்!

(சிரிப்பு)

சிரிக்கட்டும். ஆனால் முதலில் உண்மையான நன்றி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஏசுகிறேன்.

நான் ஏன் திக்குகிறேன்? இந்த ஊர் அதற்கு என்ன காரணம் சொன்னது? எனக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே என் தாய் என் தலைமுடியை வெட்டிவிட்டாளாம்! அதனாலே நாக்கு கட்டிக்கொண்டதாம்! தண்ணீர்க் குழாயடியில் சொன்னார்கள், தேவாலய வாசலில் சொன்னார்கள், அவள் காதுபடவே சொன்னார்கள். அந்தப் பழியைச் சுமந்தே அவள் போய்ச் சேர்ந்தாள். உயிரோடு இருந்தபோது, குடித்தால் திக்கல் தீரும் என்று நம்பி, தேவாலய மணியைக் கவிழ்த்து, அதிலே தண்ணீர் ஊற்றி, என்னைக் குடிக்க வைத்தாள். குடித்தேன். துரு வாசம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. டாக்டர் லாவெர்ன் அவர்களே! நீங்கள் வந்த முதல் நாள், மூளையின் படத்தைத் திரையிலே காட்டினீர்கள். சொல்லும் வாயும் சேருகிற நரம்புப் பாதை இது, பேச்சுக்குத் தாளம் பிடிக்கிற இடம் இது, சிலருக்குப் பிறப்பிலேயே இந்தப் பாதை கொஞ்சம் வேறு மாதிரி, இதற்கும் முடி வெட்டியதற்கும் சம்பந்தமே இல்லை என்றீர்கள். நான் எழுந்து வெளியே போய் அழுதேன். என் தாய்க்கு அது கேட்டிருக்கக் கூடாதா என்று அழுதேன். அந்த ஒரு சொல்லுக்காக உங்கள் கையைப் பிடித்து முத்தமிடலாம்.

முத்தமிட்டாயிற்று. இனி வருவோம் சிகிச்சைக்கு!

என்ன சிகிச்சை? தலையிலே ஒரு பட்டை. பட்டையிலே மெல்லிய மின்சாரம். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அதைக் கட்டிக்கொண்டு கைப்பேசியிலே குரங்கு தேங்காய் பொறுக்குகிற விளையாட்டு. நான் நன்றாகவே பொறுக்கினேன். திக்கலும் என்னோடு சேர்ந்து பொறுக்கியது. சிகிச்சைக்கு முன்னால் எங்களை எங்கே சோதித்தார்கள்? அமைதியான அறையில், எதிரே ஒரு நாற்காலியில் அந்நியர் ஒருவரை உட்கார வைத்து. திக்கினோம், திணறினோம், தவித்தோம். சிகிச்சைக்குப் பின்னால் எங்கே சோதித்தார்கள்? அங்கேதான் ஐயா கூத்து!

விளையாட்டுத் திடலில் ஒரு பெரிய லாரி வந்து நின்றதே, நினைவிருக்கிறதா? ஆடு மேய்க்க இடமில்லை என்று பெரியவர் ஒருவர் சத்தம் போட்டாரே, அந்த லாரிதான். அதற்குள்ளே ஸ்கேன் எடுக்கிற ராட்சசக் குழாய். அதற்குள்ளே என்னைப் படுக்க வைத்துத் தள்ளினார்கள். தள்ளியதும் தொடங்கியது பாருங்கள் சத்தம்! டக்-டக்-டக்-டக்! டுங்-டுங்-டுங்-டுங்! அடடா, என்ன தாளம், என்ன காலப்பிரமாணம்! எங்கள் மேளக்காரர் இப்படி ஒரு நாளாவது நிதானமாய் அடித்திருக்கிறாரா? கோபிக்காதே செபுலன், உண்மையைச் சொல்கிறேன். "ஏதாவது பேசுங்க மிஸ்டர் குவாஷி, மனசுல படுறதைப் பேசுங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. பேச்சுக்குழுத் தளபதியைத் தாளத்துக்குள் படுக்க வைத்துவிட்டு, பேசு என்றால் அவன் என்ன செய்வான்?

*கடல் தாண்டி வந்தவரே, கண்ணாடி போட்டவரே,*
*குடல்வரைக்கும் துழாவிக் குறை எதைத்தான் கண்டவரே?*
*மண்டைக்குள்ள தேடும்முன்னே மரியாதையாக் கேளுமய்யா,*
*தொண்டையில நிக்கிற சொல் தூங்கலை, பொறுமய்யா!*
*பிடில்காரரே, இழுங்க!*

(நீண்ட கைதட்டல்)

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. ஒரே ஓர் எழுத்துகூட! வெளியே என்ன எழுதினார்கள் தெரியுமா? "பேச்சு முழுச் சரளம். சிகிச்சை வெற்றி." அதன் கீழே இன்னொரு வரி: "நோயாளிக்கு அறையில் இல்லாத பிடில்காரர் ஒருவர் தென்படுகிறார். மனநலப் பரிசோதனை தேவை."

சிரியுங்கள், சிரியுங்கள்! எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பாட்டிலே திக்காது, தாளத்திலே திக்காது, சொந்தக் குரல் காதில் விழாத இரைச்சலிலே திக்காது. இந்த ஊரில் நாய்க்குட்டியிடம் திக்காமல் பேசிப் பழகிய எந்தத் திக்குவாயனைக் கேட்டாலும் சொல்வான். படித்தவர்களின் புத்தகங்களிலும் அது இருக்கிறது என்று மிஸ் யூலாலி சொல்கிறார். ஆக, திக்காத இடமாகப் பார்த்துப் படுக்க வைத்து, பார், திக்கவில்லை என்று கொண்டாடியிருக்கிறார்கள். மீனைத் தண்ணீருக்குள் விட்டு, நீந்தக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று மார்தட்டுவதற்கு என்ன பெயர்?

"போதும் ஹோலிஸ், பெரிய மனுஷங்களை வம்புக்கு இழுக்காதே" என்று யார் அங்கே? நீங்களா தலைவரே? ஐயா, தெரியாமல் செய்த தப்பென்றால் நானும் விட்டிருப்பேன். தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. அதைக் கேளுங்கள்.

எனக்குப் பின்னால் ஜெல்மா சீசர் குழாய்க்குள் போனாள். கடைக்கோடி வீட்டு ஜெல்மா. உங்களுக்குத் தெரியும், நாலு சொல் பேசுவதற்கு நாற்பது சொல்லின் பாடுபடுகிறவள். உள்ளே மழை மாதிரி பொழிந்தாள். அவள் குரல் அத்தனை அழகு என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. திடீரென்று ஜெனரேட்டர் நின்றது. சத்தம் நின்றது. ஜெல்மாவும் நின்றாள். "என் அ... அ... அ..." அவ்வளவுதான். சத்தம் போனதும் சொல் போயிற்று! உதவியாளர் பெண் ஒருத்தி, நல்ல பெண், கேட்டாள்: "சார், சத்தம் நின்னதும்தான் திக்கல் வந்துச்சு. எழுதிக்கட்டுமா?" டாக்டர் என்ன சொன்னார்? லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். "ஜெனரேட்டர் கோளாறுன்னு எழுதிட்டு, அந்தப் பகுதியை அடிச்சிடும்மா. எந்திரம் ஓடினாத்தான் கணக்கு."

எந்திரம் ஓடினால்தான் கணக்கு! எங்கள் வாழ்க்கை ஓடுகிற இடத்தில் எந்த எந்திரம் ஓடுகிறது டாக்டர்? ரொட்டிக் கடையில் ஓடுகிறதா? மருத்துவமனைக்கு அவசரமாய் போன் பேசும்போது ஓடுகிறதா? பிடித்த பெண்ணிடம் பேசும்போது ஓடுகிறதா? அந்த லாரியை ஆளுக்கொன்றாக வாங்கிக் கொடுங்கள், பின்னாலேயே ஓட்டிக்கொண்டு திரிகிறோம்!

(சிரிப்பு, கைதட்டல்)

இனி சிரிக்க வேண்டாம். இனிச் சொல்லப்போவது எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தச் சான்றிதழை நம்பி ஜெல்மா வேலைக்குப் போனாள். பவளப்பாறை பார்க்கச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகிற அடியிலே கண்ணாடி பதித்த படகின் துறையிலே சீட்டுக் கொடுக்கிற வேலை. மேலாளர் ஆர்வில் டேனியல் கெட்டவர் அல்ல. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், சொல்லட்டும். அவர் சான்றிதழைப் படித்தார். "பரவாயில்லையே, முழுசாக் குணமாயிடுச்சா? உன் பேரைச் சொல்லு" என்றார். "ஜெ... ஜெ... ஜெ..." ஆர்வில் சிரித்தார். நம்ம ஊர் வழக்கம்தானே, ஒருவரை ஒருவர் சீண்டிப் பார்ப்பது! அவளும் சீண்டுகிறாள் என்று நினைத்துவிட்டார். "சரிம்மா, விளையாடினது போதும், பேரைச் சொல்லு." "ஜெ... ஜெ..." ஆர்வில் முகம் மாறியது. "காகிதத்துல குணம்னு முத்திரை குத்தியிருக்கு. வேலை கேட்டு வந்த இடத்துல என்னையே கிண்டல் பண்றியா? கிளம்பு!"

கேட்டீர்களா? நேற்றுவரை அவள் திக்கினால் பாவம் என்றார்கள். இன்று திக்கினால் திமிர் என்கிறார்கள். திக்குவதற்குக்கூட உரிமை இல்லாமல் செய்துவிட்டதே ஐயா அந்தச் சான்றிதழ்! மிஸ் யூலாலி ஒரு நாளாவது குணமாக்குகிறேன் என்று சொன்னாரா? இல்லை. எங்களை ரொட்டிக் கடை வரிசையில் நிறுத்துவார். "தொடங்கினதை முடி. எவ்வளவு நேரமானாலும் உன் வாயாலேயே முடி. கண்ணைக் கீழே போடாதே" என்பார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்பார். அந்த வரிசையில் நின்று நின்றுதான் ஜெல்மா ஒரு மேலாளர் முன்னால் போய் நிற்கும் அளவுக்கு வந்தாள். அந்த வகுப்பைத்தான் மூடப்போகிறார்கள்.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. நன்றியை மட்டும் ஜெல்மாவே சொல்லட்டும். வா ஜெல்மா. வழி விடுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். செபுலன், மேளத்தில் கை வைக்காதே! ஒரு தட்டுகூட வேண்டாம். அமைதியிலே பேசட்டும்.

(ஜெல்மா சீசர் மேடை ஏறுகிறார்.)

"எ... எ... எல்லாருக்கும்... ந... ந... ந..."

(அதிகாரி அம்மையார் எழுந்து: "நன்றின்னுதானே சொல்ல வர்றே? புரிஞ்சிடுச்சும்மா. பாவம், சிரமப்படாதே, நானே சொல்லிடறேன்.")

அம்மையாரே, கருணை கூர்ந்து உட்காருங்கள். வாக்கியம் அவளுடையது.

"ந... ந... நன்றி சொல்ல வ... வரலைம்மா. ந... நல்லாக் கேளுங்கன்னு சொல்ல வந்தேன். எனக்குக் கு... கு... குணமாகலை. இ... இந்தக் காகிதத்தை நீங்களே வெ... வெச்சுக்குங்க. என் பே... பேரு ஜெ... ஜெ... ஜெ... ஜெல்மா சீசர். தி... திங்கட்கிழமை நான் மறுபடியும் அ... அந்தப் படகுத்துறைக்குப் போவேன். கி... கிண்டல் பண்ண இல்லை. வே... வேலை கேட்க. அ... அதுக்கு எனக்கு வெ... வெ... வெள்ளிக்கிழமை வேணும்."

(கூட்டம் எழுந்து நிற்கிறது.)

உட்காருங்கள், உட்காருங்கள். பார்த்தீர்களா? அவள் முடிக்கும் வரை காத்திருந்தீர்களே, யாருக்காவது ஏதாவது ஆயிற்றா? நண்டுக் கறி கெட்டுப்போயிற்றா? ஆர்வில் எழுந்து நிற்கிறார், தொப்பியைக் கழற்றியிருக்கிறார். உமது பதிலைத் திங்கட்கிழமை அவளிடமே சொல்லும் ஐயா. டாக்டர் அவர்களே, நீங்கள் மறுபடியும் வாருங்கள், உங்கள் படங்களோடு வாருங்கள், உங்களை ஏச எங்களுக்கும் ஆள் வேண்டும். ஆனால் அடுத்த முறை எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பொறுமை காத்த தலைவருக்கும், கைவலிக்கத் தட்டிய தாய்மார்களுக்கும், மதில்மேல் தோழர்களுக்கும், இந்தத் திக்குவாயனின் நெஞ்சு நிறைந்த நன்றியும் வ... வ... வணக்கமும்!

அதிகாரி அம்மையார் அவர்களே, அந்த வகுப்பு இருக்குமா, இருக்காதா? இனி நீங்கள்தான் பேச வேண்டும். அவசரமே இல்லை. நீங்கள் திக்கினாலும் நாங்கள் காத்திருப்போம்.