எலோடியாவின் பெயரைச் சொன்னவள் நான்

கூடைப்பந்துத் திடலைக் கலையரங்கமாக்கி, கட்டில் விரிப்புகளை ஒட்டுப்போட்டு வெள்ளித்திரையாக்கி, என்னையும் இன்று ஒரு பேச்சாளியாக்கிவிட்ட விழாத் தலைவர் தோன் எவாரிஸ்தோ அவர்களே! புனித ரோக்கேயின் திருவுருவத்தை ஆண்டுக்கொரு வீடாக ஏற்று, மெழுகும் மலரும் மாறாமல் காத்துவரும் பெரியோர்களே! அடுப்புப் புகையில் கண் சிவக்க, ஊருக்கெல்லாம் மோலேக் குழம்பு கிண்டி, ஊர் உண்டபின் உண்ணும் தாய்மார்களே! எல்லை தாண்டிப் போன கணவர்களுக்குக் கைபேசியில் இந்தக் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளே! மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என் அக்கா எலோடியாவே! மறைந்த லிபோரியோவின் இளைய மகள் ஹசிந்தா உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால்தான் திரையில் படம் தெரியுமாம். அதுவரை பேசு என்றார் தலைவர். ஸ்பெயின் வரை போய்ப் பரிசு வாங்கியவள், பெருமையாக நாலு வார்த்தை சொல் என்றார். பெருமையா? தலைவர் அவர்களே, பொறுத்தருள வேண்டும். பெருமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை. நாணித் தலைகுனிய நிறைய இருக்கிறது.

நீங்கள் பார்க்கப்போகும் என் படம் இரண்டு சகோதரிகளின் கதை. ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறாள், ஒருத்தி வீட்டில் நிற்கிறாள். படத்தின் நடுவே ஒரு தேவாலயக் காட்சி. இந்த ஆண்டு புனிதரை ஏற்பவர் யார் என்று கேட்கிறார்கள். மூத்தவள் தானே முன்வந்து மெழுகுவத்தியை ஏந்துகிறாள். "எனக்கு எங்கும் போகவேண்டாம், என் உலகம் இந்த வாசலோடு முடிகிறது" என்கிறாள். அந்த இடத்தில் ஸ்பெயினில் அழுதார்கள். நடுவர்கள் அழுதார்கள். மொழிபெயர்த்த பெண்ணும் அழுதாள்.

அந்தக் காட்சி பொய்.

இங்கே யாரும் திடுக்கிடவில்லை. எப்படித் திடுக்கிடுவீர்கள்? அன்று அங்கே இருந்தவர்கள் நீங்கள்தானே! பிறகு மருமகள்களாக இந்த ஊருக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அடுத்த ஆண்டு புனிதரை ஏற்கும் பொறுப்பு என் வீட்டுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார் என் அப்பா. கொடுத்த ஆறாம் மாதம் இறந்துபோனார். ஆள் போனாலும் வாக்கு போகாது என்பது நம் வழக்கம். துக்க ஆண்டில் இருக்கும் விதவை மெழுகுவத்தியைத் தொடக்கூடாது என்பதும் நம் வழக்கம். ஆக, அம்மா நிற்க முடியாது. ஓராண்டு ஊரைவிட்டு அகலாமல் நிற்க வேண்டியவள் இரண்டு மகள்களில் ஒருத்தி. எலோடியாவுக்கு வயது இருபத்தொன்று. எனக்குப் பதினெட்டு.

என் அக்காவின் ஆசை என்ன தெரியுமா? கப்பல் ஓட்டுவது. ஆம், தோன்யா சிப்ரியானா, சிரியுங்கள், அன்றும் சிரித்தீர்கள். கடலையே காணாத மலைக்காரி கப்பலா ஓட்டப்போகிறாள் என்று எங்கள் மாவு ஆலை வாசலில் கேலி பேசினோம். அவள் கவலைப்படவில்லை. மக்காச்சோள மூட்டைகளை மாலுமி முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அவிழ்க்கத் தெரியாமல் வீட்டுக்குப் போய் மூட்டையைக் கத்தியால் கிழித்தவர்கள் இங்கே பத்துப் பேராவது இருப்பீர்கள். அங்கே கை தூக்குகிறார் ஒருவர்!

வெராக்ருஸ் துறைமுகத்து மாலுமிப் பள்ளியில் தேர்வெழுதினாள், தேறினாள், இடம் கிடைத்தது. ஆனால் இருபத்தொரு வயதுக்குமேல் அங்கே சேர்க்க மாட்டார்கள். எனக்கும் தலைநகரில் திரைப்படப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அவர்கள் ஓராண்டு காத்திருப்பதாகக் கடிதமே எழுதியிருந்தார்கள். நானும் அவளும் உட்கார்ந்து பேசினோம். நீ காத்திருக்கலாம், என்னால் முடியாது என்றாள். நான் நிற்கிறேன் என்றேன். அவள் என் நெற்றியில் முத்தமிட்டாள்.

மறுநாள் திருவிழா. எலோடியா தேவாலயத்தின் பின்கட்டில், பெண்களோடு நின்று நாற்பது வான்கோழிக்கான மோலேயைக் கிண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பூசை முடிந்தது. பழைய பொறுப்பாளர் மெழுகுவத்தியோடு திரும்பினார். லிபோரியோ வீட்டின் சார்பில் யார் என்று கேட்டார். முந்நூறு பேர் எங்கள் பக்கம் திரும்பினீர்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கறுப்புச் சால்வைக்குள் அவள் பாதியாகச் சுருங்கியிருந்தாள். ஓராண்டு ஓராண்டோடு முடியாது, நின்றால் நின்றதுதான் என்று பட்டது. அஞ்சினேன். அஞ்சியவள் வாய்மூடி இருந்தேனா? இல்லை. வாய் திறந்தேன். "எலோடியா" என்றேன்.

நாக்குப் பிசகியதா? பிசகவில்லை. பதற்றத்தில் வந்ததா? தெளிவாகச் சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். புனிதர் முன்னால் சொன்ன பெயரைத் திரும்பப் பெற முடியாது என்று தெரிந்தே சொன்னேன்.

தோன்யா சிப்ரியானாதான் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே நடந்ததைப் பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார்.

"எலோடியா, உன் பேரைச் சொல்லிட்டாங்க. கையைக் கழுவிட்டு வாடி."

"யாரு சொன்னா?"

"உன் தங்கச்சி."

எலோடியா துடுப்பைப் பிடித்தபடி நின்றாளாம். பிறகு கேட்டாளாம்: "அடிபிடிக்காம இதை யாரு பாத்துப்பா?"

உள்ளே வந்தாள். மெழுகுவத்தியை வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் நான் பேருந்து ஏறினேன். பொறுப்பு ஆண்டு முடியும் முன்னே அம்மா வாதத்தில் விழுந்தாள். நான் பயந்தது அப்படியே நடந்தது, ஆனால் எனக்கு நடக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக விடியலில் மாவு ஆலையைத் திறப்பவள் அவள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பவள் அவள். நானோ அவள் கதையை எழுதினேன், அவள் கதையால் உயர்ந்தேன், அவள் கதைக்குள் அவள் வாயில் என் பொய்யை வைத்தேன்!

ஒரு செய்தியாளர் கேட்டார், உங்கள் அக்காவுக்கு ஆசை என்று ஒன்றுமே இருக்கவில்லையா என்று. அவள் மண்ணை நேசிப்பவள் என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குத் தலைவணங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நேற்று ஆலையில் அவளுக்குப் படத்தைக் காட்டினேன். மாவு ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தாள்.

"நல்லா எடுத்திருக்கடி. அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"என் பேரை வச்சிக்கிட்டு நிக்கிறாளே, அவதான்."

நான் அழத் தொடங்கினேன். அழாதே, மாவில் உப்பு அதிகமாகிவிடும் என்றாள். பிறகு சொன்னாள்: "நீ போனது எனக்கு எப்பவோ ஆறிப்போச்சு. ஆனா எனக்கு ஆசையே இல்லாத மாதிரி எழுதிட்டியே. கப்பல் கிடைக்கல, சரி. போகணும்னு துடிச்சேனே, அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதையும் நீ எடுத்துக்கிட்டியா?"

பெரியோர்களே, தாய்மார்களே! அன்று ஏன் தடுக்கவில்லை என்று உங்களைக் கேட்டு என் பழியைப் பங்குபோட வரவில்லை. பாதையைப் பறித்தது முதல் குற்றம். பறிகொடுத்தவளைப் பார்த்து, நீ கேட்கவே இல்லை என்று உலகறியச் சொன்னது அதைவிடப் பெரிய குற்றம். தியாகி என்று நாம் மாலை போடும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேரிடம் அவர்கள் விருப்பத்தைக் கேட்டோம்? கேட்காமல் எடுத்துக்கொண்டு, கொடுத்தாள் என்று எழுதிவைக்கிறோமே, அதற்குப் பெயர் பாசமா? கடமையா? நான் செய்தபோது அதன் பெயர் திருட்டு.

இப்போது ஓர் அறிவிப்பு. அந்தக் காட்சியை இன்று காலை படத்திலிருந்து நீக்கிவிட்டேன். அந்த இடம் வந்ததும் நான்கு நிமிடம் திரை வெள்ளையாக இருக்கும். மின்சாரம் போய்விட்டது என்று எழுந்து போகாதீர்கள். தோன் எவாரிஸ்தோ, நீங்களும் மின்பெட்டியைத் தட்டாதீர்கள். இந்த ஒலிவாங்கி அப்போது மூன்றாவது வரிசைக்குப் போகும். எலோடியா பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பேசாமல் இருங்கள். பேசு என்று யாரும் அவளைத் தூண்டவேண்டாம், அவள் சார்பில் யாரும் எழுந்து பேசவும் வேண்டாம். அவளுக்குப் பதிலாக ஒருமுறை ஒருத்தி பேசியதே போதும்.

எழுதியவளாக நான் சொல்லக் கடமைப்பட்டது ஒன்றே ஒன்று. என் அக்கா எலோடியா போக விரும்பினாள். முழு மனதோடு விரும்பினாள்.

வெயில் இறங்கும்வரை என் வெட்கத்தைப் பொறுத்துக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. விளக்கை அணைக்கலாம், தலைவரே. வணக்கம்.