கோப்பையின் விளிம்பு

எனக்குச் சுத்தம் முக்கியம். கழுத்துப்பட்டி பளிச்சென்று வெள்ளையாக இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நீதிபதி அவர்களே, இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே புரிந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தின் பாராளுமன்ற இடம் என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. தேர்தலன்று சொந்த நிலம் உள்ளவர்கள் மைதானத்தில் கூடி, வேண்டியவர் பெயரைக் கூவுவார்கள்; யார் பெயருக்குக் குரல் அதிகமோ அவருக்கே இடம். அதற்கு முந்தைய நாள் நாங்கள் அவர்களோடு ஒரே கோப்பையில் பீர் குடிக்க வேண்டும். வழக்கம் அப்படி. ஆட்டுக்கொழுப்பு ஒட்டிய மீசைகள், சாணி மணக்கும் கைகள். சீ, இப்போது சொல்லும்போதும் குமட்டுகிறது. கறுப்பு மான் விடுதியில் கோப்பை என்னிடம் வந்தபோது, என்னையறியாமல் கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்துவிட்டேன்.

டிக்கன் ஹார்லோ என்ற உழவன் அதைப் பார்த்துவிட்டான். "என்ன துரை, எங்க வாய் பட்டா தீட்டா? அப்போ உங்க பேரை மட்டும் இந்த வாயால கூவணுமாக்கும்?"

விடுதியே சிரித்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற விடுதிக்காரி அலிஸும் சிரித்தாள். "நாளைக்கு எங்க கூச்சல் தோர்ன் துரைக்குத்தான்," என்றான் டிக்கன். தோர்ன் என் எதிராளி. அவர்கள் எல்லோரும் அன்றிரவு அங்கேயே தங்கினார்கள்.

நான் கோபப்படவில்லை. கொள்ளைநோய் கண்ட வீட்டை அடைக்கும் அதிகாரம் மாவட்ட நடுவரான எனக்கு உண்டு. நோயில்லாத வீட்டை அடைப்பது சட்டவிரோதம். நான் சட்டத்தை மீறுகிறவன் அல்ல. ஆகவே ஊருக்கு வெளியே அக்குளில் கொள்ளைநோய்க் கட்டியோடு கிடந்த நாடோடி ஒருவனை அன்றிரவே தூக்கிவந்து, விடுதியின் வைக்கோல் பரணில் படுக்கவைக்கச் சொன்னேன். பொழுது விடிந்ததும் கதவில் நோய்வீட்டின் அடையாளமான சிவப்புச் சிலுவை வரைந்து, பலகை அடித்தாயிற்று. மைதானத்தில் தோர்னுக்குக் குரல் குறைந்தது. நான் ஜெயித்தேன்.

சட்டப்படி நாற்பது நாள் திறக்கக் கூடாது. முதலில் உள்ளேயிருந்து வசவு வந்தது, பிறகு ஜெபம், பிறகு நாற்றம் மட்டும்.

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். பொய். டிக்கன் பலகை இடுக்கு வழியே கோப்பையை நீட்டினான். "எனக்கு வேணாம் துரை. அலிஸ் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி." நானே வாங்கி, நிரப்பிக் கொடுத்தேன்.

கதவைத் திறந்தபோது நடந்து வெளியே வர யாரும் இல்லை. எல்லோரையும் கொன்றவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் இன்னும் மனம் ஆறவில்லை. அந்தக் கோப்பையைத் தொட்ட கையுறையை எரிக்க வேண்டியதாயிற்று. புத்தம் புது மான்தோல். என் கைக்கு அப்படிப் பொருந்தியது வேறொன்று கிடைக்கவேயில்லை.