நாத்தனார் கை

ஹலோ... ஹலோ, இரு, இரு லா... கையெல்லாம் கிரீமு, போன் வழுக்குது... ம், மேசையில வச்சிட்டேன், இப்பப் பேசு. யாரு, யுவனா?... அடேயப்பா, மாப்பிள்ளையே போன் பண்றாரு! அடுத்த வாரம் கல்யாணத்த வச்சிக்கிட்டு இந்த அக்கா ஞாபகம் வந்திருக்கே. இன்னைக்கு ஈப்போவுல மழை கொட்டப் போவுது பாரு.

...ம்... ம்... பசியாறிட்டேன்... ஆமா, ஆமா, உங்க மாமாவும் பசியாறிட்டாரு... வெயிலா? இங்க சிலிபின்ல வெயிலுதான். ஏன், பத்து காஜாவுல பொண்ணு வீட்டுப் பக்கம் மட்டும் பனி பெய்யுதா?... டேய். வெயிலப் பத்திப் பேசவா போன் போட்ட? தொண்டையில என்னமோ வச்சிக்கிட்டு மென்னு முழுங்குற. துப்பு.

...

கை எப்படி இருக்கா? ரொம்ப ஜோரா இருக்கு. சொறிஞ்சா எரியுது, சொறியலன்னா உயிர் போவுது. முழங்கை வரைக்கும் செவசெவன்னு கிடக்கு. முதுகுக்கு உங்க மாமாதான் கிரீம் போடுறாரு, டிவி பாத்துக்கிட்டே. செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறவன்கூட இதவிடக் கவனமா அடிப்பான். அரிக்கிற இடத்த மட்டும் விட்டுட்டு மத்த எல்லா இடத்துலயும் பூசுவாரு... சிரிக்காத. உனக்கும் ஒருத்தி வாரா, அப்பத் தெரியும்.

...ஆமா லா, அந்த மருந்தாலதான். எத்தன தடவ சொல்றது?... சரி, இன்னொரு தடவ சொல்றேன், காதுல வாங்கு. நுரையீரல்ல கேன்சர் கட்டி. அதுக்கு ட்ரிப்பு ஏத்துறாங்க. இது முடி கொட்டுற கீமோ இல்ல. ராத்திரிக் காவலுக்கு வச்ச ஜாகா தூங்கிட்டு இருந்தான் பாரு உடம்புக்குள்ள, அவனத் தட்டி எழுப்பி விடுற மருந்து. எழும்பினவன் திருடன நல்லா சாத்துறான். கட்டி பாதியா சுருங்கிருச்சு, ஸ்கேன் படத்துல காட்டுனாங்க. என்ன ஒண்ணு, தூக்கக் கலக்கத்துல வீட்டுக்காரியையும் சேத்து சாத்துறான். அதான் இந்த அரிப்பு. வேற ஒண்ணும் இல்ல.

...ம்?... ஆமா... ஆமா... யாரு கேட்டா?... "சும்மா கேட்டாங்க"ன்னா யாருடா?... உன் மாமியாரா. கலாதேவி அம்மாவா. என்ன கேட்டாங்க?... பரவால்ல, சொல்லு. நான் கோவிச்சிக்க மாட்டேன். நான் என்னைக்குக் கோவிச்சிருக்கேன்?

...ஓஹோ.

...ஓஹோஹோ. தொத்துமான்னு கேட்டாங்களா.

நிச்சயத்தன்னைக்கே பாத்தேன்டா. நான் பழத்தட்ட நீட்டுறேன், அந்த அம்மா தட்டோட ஓரத்த ரெண்டு விரல்ல புடிச்சு வாங்குது, அடுப்புலேருந்து எறக்குன சட்டி மாதிரி. அப்புறம் என் தலைய ஒரு பார்வை. பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லுது, "கேன்சருன்னு சொன்னாங்க, முடி இவ்ளோ இருக்கே"ன்னு. என் காதுபட லா. முடி கொட்டியிருந்தா பாவம்னு சொல்லி ஒரு ஓர்லிக்ஸ் போத்தலாவது வாங்கிக் குடுத்திருப்பாங்க. எனக்குக் கொட்டல, அரிக்குது. சொறியுறவளப் பாத்து யாரு பாவம் சொல்லுவா? நாற்காலியத்தான் தள்ளிப் போடுவாங்க. கல்யாணத்துக்கு வேணும்னா மொட்டையடிச்சிட்டு வாரேன், மரியாதையாவது கிடைக்கும்.

...இல்ல, இல்ல, நீ விஷயத்துக்கு வா... ம்... ம்... யாரு, குமுதாவா? நம்ம சித்தி மக குமுதாவா? அவ என்ன செய்யணும்?

...

திரும்பச் சொல்லு.

...

அதாவது, மொத முடிச்சு நீ போடுவ. மத்த ரெண்டு முடிச்சையும் குமுதா போடுவா. அப்ப நான் என்ன செய்யணும் தம்பி?... முன் வரிசையில உக்காரணும். சரி. ஏர்கோன் பக்கமா. அங்க வேர்க்காது, அரிக்காது. அடடா அடடா, என்ன ஒரு கரிசனம்! தலைக்கு மேல குடை புடிக்க ஆள் போட்டிருக்கீங்களா, இல்ல அதையும் நானே பாத்துக்கணுமா?

கூடப் பொறந்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நாத்தனார் முடிச்சுக்கு சித்தி மகளக் கூப்பிடுறியாடா? அவளுக்கு அவ செருப்பு வாரையே ஒழுங்கா மாட்டத் தெரியாது. அவ போட்ட முடிச்சு மண்டபத்து வாசல் தாண்டுமா?

...பேசு, பேசு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... என்னது, கையுறையா? நான் தாலி முடியப் போறேனா, முள்ளு டுரியான் பழம் பொளக்கப் போறேனா?... பட்டுக் கலர்ல கிடைக்குமா! ஓ, பாசார்ல விசாரிச்சுக்கூட வச்சிட்டீங்க. கெட்டிக்காரங்க லா நீங்க.

...ம். சரி. உங்க கமிட்டி வேற என்ன முடிவு பண்ணிருக்கு?... என்ன?... எதத் தள்ளிப் போடணும்?

...

ட்ரிப்ப.

...இந்த வியாழக்கிழமை போடாம விட்டா, கல்யாணத்துக்குள்ள தோல் பளபளன்னு ஆயிரும். அப்புறமா போட்டுக்கலாம். ஒரு தடவதானே... "ஒரு தடவதானே"ன்னு நீதான் சொல்றியா, இல்ல சொல்லிக் குடுத்தாங்களா?... பேசாத. ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசாத.

நீ கேக்குறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்டா. வெக்கத்த விட்டு டாக்டர்கிட்ட கேட்டேன். என் தம்பிக்குக் கல்யாணம், கை சுத்தமா இருக்கணும், இந்த ஒரு தடவ வேணாமேன்னு. அந்தச் சீனப் பொம்பள டாக்டர் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு என்னையே பாக்குது. நிறுத்துனா மட்டும் அரிப்பு உடனே நின்னுருமா, மாசக்கணக்குலகூட இருக்கும்னு சொல்லுது. தோலு ரொம்ப மோசமானா நானே நிறுத்துவேன் நவமணி, தம்பி கல்யாணத்துக்காக நிறுத்த மாட்டேன்னு சொல்லிருச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல.

...இல்ல, எனக்கு பயமா இருக்குடா. நல்லாக் கேட்டுக்க, பயமா இருக்கு. இப்பதான் சுருங்கியிருக்கு. நடுவுல விட்டு அது திரும்பக் கெளம்புனா நான் எங்க போவேன்? உன் கல்யாணத்தோட எனக்குப் போதும்னு யாரு சொன்னா? உன் புள்ளைய நான் தூக்கணும். அது பள்ளிக்கூடம் போறதப் பாக்கணும். அதுக்குத்தானே இந்தச் சனியன் அரிப்பத் தாங்கிக்கிட்டு இருக்கேன்.

...அது யாரு இருமுறது?... நீயா? பொய் சொல்லாத. சுங்காய் தோட்டத்துல நீ மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்சப்ப நெஞ்சுல தைலம் தேச்சவ நான், உன் இருமல் எனக்குத் தெரியாதா? இது பொம்பள இருமல்... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?... டேய். எப்பலேருந்து?... வெயிலு பேசுனதுலேருந்தா!

...

வணக்கம் சம்பந்தி! நல்லா இருக்கீங்களா? பசியாறிட்டீங்களா?... சேச்சே, இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு? நின்னுக்கிட்டே கேட்டிருப்பீங்க, காலு வலிச்சிருக்கும், உக்காந்து கேளுங்க... தொத்தாதும்மா... இல்லம்மா, தொட்டாலும் தொத்தாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் தொத்தாது. எங்க வீட்டுக்காரரு ஒரே கட்டில்லதான் படுக்குறாரு, அவர் மேல ஒரு கொசுக்கடி கிடையாது... டாக்டர் சொன்னதாம்மா... உங்க சொந்தக்காரங்க கேப்பாங்களா? கேட்டா என்கிட்ட அனுப்பி விடுங்க. மண்டபத்து வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சிக்கிட்டே ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்றேன்.

...என்ன?... ம்... ஓ, இப்ப சகுனமா. தொத்துறது போயி சகுனம் வந்திருச்சு. காடிக்கு கியர் மாத்துற மாதிரில்ல மாத்துறீங்க சம்பந்தி... சீக்காளி கை தாலியில படக்கூடாது. சரிங்கம்மா. ரொம்பத் தெளிவா சொல்லிட்டீங்க. உங்க மக நல்லா இருக்கணும்னுதான் சொல்றீங்க, அது எனக்குப் புரியுது. நான் மட்டும் அவ கெட்டுப் போவணும்னா வாரேன்?

...யுவன்... யுவன், அங்கதான இருக்க? உன் மாமியார் கேட்டுக்கிட்டு இருக்காங்க. வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லு. நான் சொன்னா சண்டை, நீ சொன்னா பேச்சு. யாரு முடிச்சு போடணும்? அக்காவா, குமுதாவா?

...

ஹலோ?

...ஹலோ... லைன் இருக்கு. மூச்சு விடுறது நல்லாக் கேக்குது.

...சரிடா. போதும். அழகாப் பேசுன. குமுதாவுக்கு நல்ல சேலையா எடுத்துக் குடு, நான் அந்த ஏர்கோன் பக்கமே...

...யாரு?... தேவியா? தேவிஸ்ரீயா?... கல்யாணப் பொண்ணு நீயும் அங்கதான் இருக்கியா! அப்ப மொத்தக் கல்யாண மண்டபமும் இந்தப் போனுக்குள்ளதான் இருக்கு... சொல்லும்மா. தொத்தாதும்மா, இப்பதான் உங்கம்மாகிட்ட... என்னது?

...

இல்லம்மா, கேட்டுச்சு. வலிக்குதான்னு கேட்ட.

...இருக்கேன், இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... இல்ல, எல்லாரும் தொத்துமான்னுதான் கேட்டாங்க. நீ ஒருத்திதான் இப்படிக் கேக்குற.

...வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது. படுத்தா அரிக்குது, உக்காந்தா எரியுது. விரல் நுனியெல்லாம் வெடிச்சிக் கிடக்கு, புளி கரைச்சா தீ வச்ச மாதிரி இருக்கு. ரவிக்கை கொக்கியக்கூட அவருதான் மாட்டி விடுறாரு, அதுலயும் ஒண்ணு விட்டு ஒண்ணுதான் மாட்டுறாரு... ம்... ம்... இல்ல, இல்ல, முடிச்சு போட முடியும். முடியும்மா. மஞ்சக் கயிறு வாங்கி வச்சிக்கிட்டு தெனமும் போட்டுப் பாக்குறேன், நாற்காலி முதுகுல. மொதல்ல ஒரு முடிச்சுக்கே கையில ரத்தம் வந்துச்சு. இப்ப ரெண்டும் போடுறேன், இறுக்கமா. எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, அந்த நாற்காலிக்கு எத்தன தடவ கல்யாணம் பண்ணி வைப்பன்னு.

...சிரிக்கிறியா? சிரி, சிரி... ம்?... உங்கம்மா பக்கத்துல இருக்கையிலயே சொல்றியா?... உன் கழுத்துல என் கைதான் படணுமா?... இல்லம்மா, அவங்க கோவிச்சிப்பாங்க... ம்... ஆமா, கழுத்து உன்னுதுதான்...

...சரி. சரிம்மா. வாரேன்.

...அழுவுறேனா? ஆமா, அழுவுறேன். அழுதா என்ன? நீ அக்கான்னு கூப்பிடாத, அண்ணின்னு கூப்பிட்டுப் பழகு... அப்புறம் கேளு. பின்கழுத்துல பூவத் தொங்க விடாத, முடிய மேல தூக்கிக் கட்டிக்க. எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆடாம இரு. மேளக்காரங்கள நான் நிமிர்ற வரைக்கும் நிறுத்தாம அடிக்கச் சொல்லு. என் கை வலிக்கிறப்ப அவங்க கையும் கொஞ்சம் வலிக்கட்டும்... வியாழக்கிழமையா? போவேன்மா, போயி ட்ரிப்ப ஏத்திக்கிட்டுதான் வருவேன். அதுல பேச்சே இல்ல... என்கூட வாரியா? ஏம்மா, உனக்கு ரவிக்கை தைக்கிற வேல, மஞ்ச பூசுற வேல எவ்ளோ... சரி, வா. அங்க ரொம்பக் குளிரும், ஒரு சட்டை எடுத்துக்கிட்டு...

...யாரு?... ஓ, நீயா.

...ஆமா... ஆமா, கேக்குது. இப்ப மட்டும் நல்லா சத்தமாப் பேசுறியே... ஏண்டா, நான் என் தம்பி பொண்டாட்டிகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன், நடுவுல நீ யாரு?... ம்... ம்... கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி பேசாம இருந்தல்ல? அப்படியே இரு. அது உனக்கு நல்லா வருது.

போன அவகிட்டக் குடு.