ஈரலுக்குக் கரண்ட்டு, நெஞ்சுக்கு வயரு

நெட்டுக்குப்பத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஷேர் ஆட்டோவில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர் மடியில் ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர்.

“உனக்கு கட்டி ஈரல்லதான கீது? கரண்ட்டு வுட்டு அழிக்கிறேன்னு சொல்லிட்டு, நெஞ்சுல இன்னாத்துக்குய்யா வயரு ஒட்றான்?”

“நெஞ்சு துடிக்கிறத பாத்து, நடுவுல நேரம் பாத்துதான் கரண்ட்டு வுடுவாங்களாம்.”

“நேரம் தப்புச்சுன்னா?”

“துடிப்பு தாறுமாறா பூடும். அதுக்குத்தாம்மே வயரு.”

“அப்ப தப்பும்னு அவனுக்கே தெரிஞ்சுகீது.”

“நாங்க மீன் புடிக்க போசொல்லோ அலை பாத்து போட்ட கடல்ல தள்றோம்ல, அது மாரிதாம்மே. அடங்கசொல்லோ தள்னா போயிரலாம்.”

அவள் கவரைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கண்ணனும் அலை பாத்துதான் தள்னான். போட்டு மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு.”