நஞ்சில்லாத வீடு

பினாயில் வாசம் அடித்தால்தான் வீடு சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள், ஐயா. அது தவறு. சுத்தமான வீட்டுக்கு வாசமே இருக்காது. நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாம் வீட்டுக்காகத்தான் நடந்தது.

என் தங்கை வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்து அடிப்பவர். பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று, மறுநாளைக்கு வேண்டியதை முதல் நாளே காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பார். அந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். ஒரு நாள் அப்படி ஊற்றிய பாட்டிலைச் சமையல் மேடையில் மறந்துவிட்டார். மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு வந்த என் தங்கை தாகத்தில் எடுத்துக் குடித்தாள். பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவர் பேசியது கேட்டது.

“வாய்கிட்ட கொண்டு போறப்பவே வாடை அடிச்சிருக்குமே. எதுலயும் அவசரம் அவளுக்கு. இப்ப கெடந்து தவிக்கிறது நான்தான்.”

காபியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

தங்கை மகளை வளர்க்க நான் அங்கேயே தங்கிவிட்டேன். எனக்கென்று குடும்பம் கிடையாது. வந்ததும் வீட்டைச் சீர்செய்யத் தொடங்கினேன். கொசுவர்த்தி, பாச்சை உருண்டை, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், அறைக்கு அடிக்கும் வாசனை ஸ்ப்ரே எல்லாம் வெளியே போயின. ஜன்னல்களுக்கு வலை அடித்தேன். தரைக்கு வெந்நீரும் சோப்பும் போதும். கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டியைத் தூக்கிப் போட்டேன். பிளாஸ்டிக் பாட்டில்கள் போய், எவர்சில்வர் பாட்டில்கள் வந்தன. குழந்தையை விடாமல் படுத்திய இருமல் நின்றது.

“உங்க வீட்டுல கரப்பான்பூச்சிகூட நூறு வயசு வாழும் போல. பூச்சி மருந்துக்காரர் பொழப்புலயே மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே” என்று எதிர்வீட்டு அம்மா கேலி செய்தார். தங்கை வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் திருந்தியிருந்தார். மருந்தை வீட்டுக்குள் கொண்டுவருவதையே விட்டுவிட்டார். மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம் அண்ணி” என்று கண் கலங்கினார். தன்னை அவரே மன்னித்துக்கொண்டுவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பரணில் கரையான் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

“வீட்டுக்குள்ள மருந்தா? வேணாம் அண்ணி. ஆள விட்டுப் பலகையவே மாத்திடலாம்.”

“கொஞ்சம் போதும் தம்பி. நான் பத்திரமா வெச்சுக்கறேன்.”

பிரிக்காத டப்பாவாக வாங்கிவந்து, என் கையிலேயே கொடுத்தார்.

எவர்சில்வர் பாட்டிலில் ஒரு வசதி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவர் மோந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அண்ணாந்து ஒரே மூச்சாக ஊற்றிக்கொள்வார். அன்றும் அப்படித்தான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்து, “அண்ணி” என்றார்.

“உக்காருங்க தம்பி. நின்னா தலை சுத்தும்” என்றேன்.

ஜன்னல்களை நன்றாகத் திறந்து வைத்தேன். ஆம்புலன்சுக்கு அவசரப்படவில்லை. மனைவி போன ஏக்கத்தில் அவராகவே குடித்துவிட்டார் என்று முன்பு உங்களிடம் சொன்னது பொய். ஊற்றி வைத்தது நான்.

பள்ளிக்கூடம் அன்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். குழந்தை நிலைப்படியில் நின்றதை நான் பிறகுதான் கவனித்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. அவளை என்னிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள். இவ்வளவும் அவளுக்காகத்தான் செய்தேன். இனி அந்த வீட்டில் அவளுக்குக் கெடுதல் செய்யும் பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூடக் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். வீட்டில் எத்தனை முறை நீட்டினாலும், “தாகமா இல்ல பெரியம்மா” என்கிறாள். நச்சு நீங்கிய வீட்டில் உடம்புக்கு அவ்வளவாகத் தண்ணீர் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.